டீச்சரின் இரண்டாவது டப்பா

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். காலைப் பந்தியில் சம்பா சாதத்தைப் போட்டு, அதன் தலையில் கத்தரிக்காய் கொத்சை ஊற்றினார்கள். நெய்யும் மிளகுமாக அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பெரிய கொட்டாவி ஒன்று வந்துவிட்டது. பக்கத்து இலைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். எனக்குக் கொத்சு என்றால் அல்ஜீப்ரா, அல்ஜீப்ரா என்றால் தூக்கம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நான் ஒன்பதாவது படித்தது கடலூர் முதுநகரில். கணக்கு டீச்சர் வசந்தா தினமும் சிதம்பரத்திலிருந்து பாசஞ்சரில் வருவார். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். அவ்வளவு நல்ல மனுஷி. ஆனால் அவர் போடும் கணக்குதான் என் மண்டையில் ஏறாது. காலாண்டில் ஏழு மார்க். முழுப்பரீட்சையில் முப்பத்தைந்து வராவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும். என் தங்கை அப்போது எட்டாவது. ஃபெயிலானால் அவளும் நானும் ஒரே பெஞ்ச்.

பேப்பர் கொடுத்த அன்று டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா ஒண்ணுமே எழுதல? காலைல சாப்டியா?" என்றார். புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்ல டீச்சர்" என்றேன். அன்றைக்கு அது உண்மையும்கூட, நான் எழுந்ததே லேட்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சத்துணவு வரிசையில் நான் நிற்பதில்லை என்பதை எப்போதோ கவனித்திருக்கிறார். வெட்கப்பட்டுக்கொண்டு பட்டினி கிடக்கிறாள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் என் அப்பா மெஸ் நடத்துவதோ, எனக்குத் தினமும் மூன்றடுக்கு கேரியர் வருவதோ அவருக்குத் தெரியாது. ரயிலைவிட்டு இறங்கினால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் விட்டால் ரயில். சாப்பாட்டு நேரத்தில் அவர் ஸ்டாஃப் ரூமில், நாங்கள் மைதானத்தில்.

மறுநாளே தன் டப்பாவோடு எனக்கும் ஒரு டப்பா கொண்டுவந்தார். சம்பா சாதமும் கொத்சும். அதை வீணாக்கவும் மனசு வராது, வீட்டுச் சாப்பாட்டை விடவும் மனசு வராது. இரண்டையும் ஒரு பிடி பிடித்தேன். மதியம் முதல் பீரியட் கணக்கு. டீச்சர் போர்டில் எக்ஸ் போடுவதற்குள் எனக்குத் தலை சாய்ந்துவிடும். "பாவம், ஒடம்புல தெம்பே இல்ல" என்று டப்பாவைப் பெரிதாக்கினார். தூக்கமும் பெரிதானது. அரையாண்டில் நான்கு மார்க்.

உறுத்தல் தாங்காமல் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் போய் நின்றேன். "டீச்சர், அந்தச் சாப்பாடு..." என்று இழுத்தேன்.

"என்னம்மா, உப்பு ஜாஸ்தியாயிடுச்சா?" என்று பதறினார். அந்த முகத்தைப் பார்த்து எந்தப் பாவி உண்மையைச் சொல்வாள்?

கடைசியில் என்னைக் கரையேற்றியது என் பக்கத்தில் உட்காரும் நூர்ஜஹான். கணக்கில் புலி, மீன் என்றால் உயிர். "டீச்சர் சோத்த நீ துன்னு. ஒங்க வூட்டு வஞ்சிரத்த எனக்குக் குடு. கணக்க நான் சொல்லித் தர்றேன்" என்றாள். கேரியர் மூடியில் மீன் துண்டுகளைப் பரப்பித்தான் பாடம். "இந்தப் பக்கம் ரெண்டு எடுத்தா அந்தப் பக்கமும் ரெண்டு எடுக்கணும்டி, அவ்ளோதான்" என்பாள். எடுத்ததெல்லாம் அவள் வாய்க்குப் போகும். விடை வரும்போது மூடி காலியாகிவிடும். ஆனால் எனக்குப் புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது. புரிகிற சந்தோஷம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முழுப்பரீட்சையில் நாற்பத்தொன்று. ரிசல்ட் பார்க்கப் போன என்னை டீச்சர் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா, வயிறு நெறஞ்சா கணக்கு தானா வரும்" என்று மற்ற பிள்ளைகளிடம் சொன்னார். பின்னால் நின்ற நூர்ஜஹான் என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

சாலையை அகலப்படுத்தியபோது அப்பாவின் மெஸ் போய்விட்டது. நூர்ஜஹான் மலேசியாவில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். டீச்சர் போன வருஷம் காலமானார். துக்கம் கேட்க சிதம்பரத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸாம், வீட்டு ஆட்களைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தாள். நானும் டீச்சரிடம் படித்தவள் என்றதும் பேச ஆரம்பித்தாள்.

"அவுங்க சோத்துலதான் நான் பத்தாவது முடிச்சேன்க்கா. எங்க வூட்ல அப்போ பாதி நாள் அடுப்பே எரியாது. கணக்குல கம்மி மார்க்கு வாங்குற புள்ளைக்கு வருஷா வருஷம் ஒரு டப்பா எடுத்தாருவாங்க. மொதமொதல்ல ஒரு பொண்ணு பட்டினியா வந்துச்சாம். சாப்பாடு குடுத்ததும் பாஸாயிடுச்சாம். அதுலேருந்து ரிட்டயர் ஆவுற வரைக்கும் விடல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் வாயைத் திறந்திருந்தால் இவளுக்கு அந்த டப்பா வந்திருக்காது. நல்லவேளை, நான் கோழையாக இருந்தேன்.

"அந்தப் பொண்ணு இப்போ எங்க இருக்குதோ, நல்லா இருக்கணும்" என்றாள் அவள்.

"நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.