மாமாவின் மானியமும் அம்மாவின் பென்ஷனும்

என் தாய்மாமனுக்கு சோசலிசம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆகாது. போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருந்தவர். சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தால் வாய்கிழியப் பேசுவார். "காட்டை வெட்டித் தோட்டமாக்குனவன் நானு. எவன்கிட்டயும் கையேந்தல. கவர்மெண்ட்டு சும்மா சோறு போட்டா சனம் சோம்பேறியாத்தான் போகும்." அந்தத் தோட்டத்து மண்ணே மலைக்கு அந்தப் பக்கத்து சர்க்கார் குத்தகைக்குக் கொடுத்தது. அதைச் சொன்னால், "பொட்டப்புள்ளைக்கு என்னடி அரசியல்?" என்பார். நானும் விடமாட்டேன். "அப்ப காய் பறிக்கிறது யாரு மாமா, நீங்களா?" என்று வாசலில் நின்றபடியே கேட்பேன்.

அப்பா செத்த பிறகு அம்மா ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கினாள். சிறுசு, பெருசு, வெடித்த காய் என்று தரம் பிரிக்கிற சோலி. எழுபதுகளின் கடைசியில் அவளுக்குக் கண் மங்கியது. இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். நானும் அதே கடையில் கூலிக்காரிதான். என் பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சிய கஞ்சிதான் அவளுக்கு. மாமா வீட்டிலிருந்து ஒருபிடி அரிசி வந்ததில்லை. ஆதரவில்லாத விதவைகளுக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். கட்டிக்கொடுத்த மகளை ஆதரவு என்று எழுதமாட்டார்கள் என்றார்கள்.

விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர், எங்கள் பேச்சில் ஆர்.ஐ., வந்தார். "உங்களப் பாத்துக்க ஆளு இருக்கா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் பட்டினி கிடந்தாலும் பிறந்த வீட்டை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்கள். அண்ணன் கைவிட்டுவிட்டான் என்று வெளியாளிடம் சொல்வது அவர்களுக்குச் சாவுக்குச் சமம். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இல்லாம என்னங்கய்யா, ராசாவாட்டம் எங்கண்ணன் இருக்காரு" என்றாள்.

டீக்கடையிலிருந்து மாமா எழுந்து வந்தார். "எந்தங்கச்சிக்கு நான் இருக்கேன். பிச்சைக்காசு வேணாம்னு எழுதிட்டுப் போங்க."

ஆர்.ஐ. எழுதிக்கொண்டு போனார். மாமா திரும்பிப்போய் டீயை முடித்தார். அன்றைக்கும் எங்கள் வீட்டில் கஞ்சிதான். "இந்த ஆளை ஊரு சிரிக்க வைக்காம விடமாட்டேன்" என்று அம்மாவிடமே சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

எண்பதுகளில் ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மலையில் ஏலச்செடிகள் கருகின. மறுபடி நடுவதற்கு மானியம் தருகிறோம் என்று போடியில் ஓர் அரசாங்க ஆபீசில் மனு வாங்கினார்கள். வரிசையில் யார்? எங்கள் மாமா! அடேங்கப்பா, எனக்கு வந்த சந்தோசத்தை என்ன சொல்ல! வீட்டுக்கு ஓடி, அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மாமா, நீங்களும் கையேந்த வந்துட்டீகளா?" என்றேன்.

"ஏய், இது மானியம்டி. நாங்க பாடுபடுறவங்க."

"எங்கம்மா மட்டும் காலாட்டிக்கிட்டா இருந்துச்சு?"

"அவளும் நானும் ஒண்ணா? ஏலம் காஞ்சா இந்த ஊரே காயும். அவ கெடந்து செத்தா யாருக்கு என்ன நட்டம்?"

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகவே கேட்கும். "வீட்டுக்குப் போவம்" என்றாள்.

மறுபடி மனுப் போட்டேன். இந்தத் தடவை வேறொரு ஆர்.ஐ. வந்து அதே கேள்வியைக் கேட்டார். எதிரே மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லங்கய்யா" என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்க.

மாமா டீ கிளாசைக் கீழே வைத்தார். எழுந்துவந்து மறுக்கவும் அவருக்கு வழியில்லை. மறுத்தால் சோறு போட வேண்டி வருமே. பென்ஷன் வந்தது. தபால்காரர் அதை அம்மா கையில் கொடுக்கும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே டீக்கடைப் பக்கம் திரும்பி, "கவர்மெண்ட்டு நல்லா இருக்கட்டும்!" என்பேன்.

சில வருஷம் கழித்து அம்மா போய்ச் சேர்ந்தாள். எங்களில் பொம்பளை செத்தால் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிச்சேலையைப் போர்த்தித்தான் தூக்குவார்கள். மாமா பட்டுக்கோடியோடு மேளம் அடித்துக்கொண்டு வந்தார். சனம் வழிவிட்டது. நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"யாருக்கு மாமா கோடி?"

"எந்தங்கச்சிக்குடி. தள்ளு."

"எங்கம்மாவுக்கு அண்ணன் கிடையாது. அது வாயாலயே சொல்லிட்டுத்தான் போயிருக்கு. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீக?"

மேளம் நின்றது. "கோடி இல்லாமத் தூக்கக்கூடாது ஆத்தா, பாவம்" என்று பெரிய மனுசர்கள் கெஞ்சினார்கள். "பாவம் எனக்கு வரட்டும், தூக்குங்க" என்றேன்.

மாமா சேலையைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி நடந்தார். அவர் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் போய் விழுந்து அழுதேன்.