குளத்தடி ஸ்டோரின் பூட்டு

அந்த மனேச்சர் செத்துப் பல வருடமாகிறது. நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அறுபதுகளில் அக்கராயன் பக்கம் நெல் வாங்கும் சங்கமொன்றில் அவர் மனேச்சர், நான் கிளாக்கர். தபால்மூலம் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். மண்மேட்டை அள்ளிப் பள்ளங்களை நிரப்பும்போது, எந்த மண்ணை எந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோனால் மொத்தப் பாடு குறையும் என்று பழைய காலத்துப் பிரெஞ்சுக்காரன் ஒருவன் கேட்ட கேள்வி என்னைப் பிடித்து ஆட்டியது. எங்களிடம் மண்ணுக்குப் பதில் நெல், பள்ளத்துக்குப் பதில் இரண்டு ஸ்டோர்.

எல்லாம் ஒரே தெருவில். மேற்கே கடைசியில் அக்காவின் களம். அங்கிருந்து இரண்டு மைலில் குளத்தடி ஸ்டோர். அதிலிருந்து ஒரு மைலில் மனேச்சரின் களம். இன்னும் மூன்று மைல் போனால் பெருந்தெரு ஸ்டோர். ஒரு ஸ்டோர் ஒரு களத்து நெல்லைத்தான் கொள்ளும்.

அளக்கும் முன் குவியலில் எத்தனை மூட்டை என்று களத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் பொலி குறையுமாம். நான் பேசாமல் குவியலைச் சுற்றி அடி வைத்து நடந்து கணக்குப் பார்த்தேன். அக்கா முகத்தைச் சுளித்தார், தம்பி என்பதால் விட்டார். புதுக் காணியில் அவருக்கு அது முதல் விளைச்சல். அடுத்த போகத்து விதைநெல்லும் அதற்குள்தான்.

மனேச்சரின் நெல் பெருந்தெருவுக்கும் அக்காவின் நெல் குளத்தடிக்கும் போனால் மொத்தம் ஐந்து மைல். மனேச்சர் முந்திக் குளத்தடியை நிரப்பினால் அக்கா ஆறு மைல் போகவேண்டும், மொத்தம் ஏழு. கடதாசியில் எழுதி மனேச்சரிடம் கொடுத்தேன்.

வண்டில்காரர் எல்லோரும் பார்த்து நிற்க அவர் சிரித்தார்.

"ஒரு மைல்கட்டையில ஸ்டோர் இருக்க மூண்டு கட்டைக்கு மாட்டை அடிக்கச் சொல்லுறான் இந்த விசரன். எல்லாரும் கிட்டின ஸ்டோருக்கே ஏத்துங்கோ."

என் கடதாசியில் பாக்குச் சீவலைச் சுற்றி மடியில் செருகினார்.

சரி, உன் சொற்படியே நடக்கட்டும், நாறிப்போ என்று கறுவினேன். முந்திக்கொள்ளுங்கோ என்று அக்காவிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டில்கள் திரும்பா, மனேச்சரும் பேச்சு வாங்கமாட்டார். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மனேச்சருடைய நெல்லாலேயே குளத்தடி ஸ்டோர் நிரம்பியது. நான் பூட்டிக்கொண்டிருக்கையில் அக்காவின் வண்டில்கள் வந்தன.

"இடமில்லை. பெருந்தெருவுக்கு விடுங்கோ."

என் குரலில் இருந்த குஷி எனக்கே கேட்டது. வண்டில்காரர் அங்கே நின்ற மனேச்சரைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார்கள். அவர் தலையைக் குனிந்து நின்றார். காது குளிர்ந்தது. இன்றைக்கு நினைத்தாலும் குளிரும்.

பின்னேரம் காலந்தப்பிய மழை கொட்டியது. பெருந்தெருவுக்கு ஒரு மைல் இருக்க வண்டில்கள் களிமண்ணில் அச்சுவரை புதைந்தன. மூட்டைகள் இரண்டு நாள் நனைந்தன.

ஒரு கிழமை கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்துப் பாய்களில் நெல் வெள்ளை வெள்ளையாக முளைத்துக் கிடந்தது.

"குவியலைச் சுத்தி நடந்தனியெல்லே, தம்பி. ஸ்டோர் கொள்ளாது எண்டு உனக்குத் தெரியும், என்ன?"

"ஓம் அக்கா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"அந்தாள் அவமானப்பட வேணும் எண்டு."

அக்கா முளைநெல்லை அள்ளி மாட்டுக்குப் போட்டார்.

அடுத்த போகத்துக்கு அவருக்கு விதைநெல் கொடுத்தவர் மனேச்சர்தான். யாரும் கேட்காமலே தன் வண்டிலில் ஏற்றி அனுப்பினார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.