கொதிக்காத ஊசி

பலமனேர் சாலையில் யார் தயவும் இல்லாமல் செங்கல் சூளை போட்டவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. எங்கள் சபைக் கோயில் சுவர், பள்ளிக்கூடம், என் மாடி வீடு எல்லாம் என் சூளைக் கல்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வாக்கில் ஒரு கோடை. சூளை ஆட்கள் சோர்ந்து கிடந்தார்கள். பலத்துக்கு ஊசி போடுகிற ஒருவரை நானே கூட்டி வந்தேன். முதலில் ஆட்களில் ஒருவனான முனியனுக்குப் போட்டார். அதே ஊசியைப் பஞ்சால் துடைத்தார். அடுத்து நான் சட்டைக் கையைச் சுருட்டினேன்.

சாப்பாடு கொண்டுவந்த என் மருமகள் எஸ்தர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"நிறுத்துங்க மாமா! முனியன் கண்ணு மஞ்சளாக்கீது பாருங்க. ரத்தத்துல கீற காமாலைன்னா, இந்த ஊசி வழியா உங்க ஈரலுக்கும் வரும்."

"ஸ்பிரிட்டுல தொடச்சேனேம்மா," என்றார் ஊசிக்காரர்.

"தொடச்சா போவாது. ஊசி தண்ணியில இருபது நிமிஷம் கொதிக்கணும்."

"நான் கல்லு மாதிரி கீறேன். எனக்கு ஒண்ணும் ஆவாது," என்றேன்.

"உங்க ஈரலையும் சூளையிலயா சுட்டாங்க?" என்றாள். ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நான் சட்டைக் கையை இறக்கினேன்.

ஆஸ்பத்திரியில் முனியனுக்குக் காமாலைதான் என்றார்கள். அவன் சாராயத்தை விட்டு, மாதக்கணக்கில் ஓய்வெடுத்துத் தேறினான்.

இப்போதெல்லாம் என் கண்முன் கொதிக்காத ஊசியைச் சூளையில் யாருக்கும் போட விடுவதில்லை. ஊரே எஸ்தரைப் புகழ்கிறது, தகும். ஆனால் வேலைக்குப் போகிற பெண் வேண்டாமென்று சொந்தக்காரர்கள் தடுத்தபோது, பிடிவாதமாக அவளை மருமகளாக்கியவன் நான். பத்திரிகை ஆசிரியர் ஐயா, அதையும் சேர்த்துப் போடுங்கள்.