தரணேந்திரன் போன பிறகும் பேசிய குரல்

புதன்கிழமை விடிந்ததும் தரணேந்திரன் மனைவி விமலா போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாருங்க." விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். என் கண்ணைப் பார்த்து விசாரித்த பக்கத்து சீட்டுக்காரரிடம் தரணேந்திரன் இறந்துவிட்டதைச் சொன்னேன். அவர் தன் போனை நீட்டினார். "இன்னா சார் சொல்றீங்க? இதோ பேசிக்கினு இருக்காரே!"

பேசிக்கொண்டுதான் இருந்தார். எங்கோ போர்நிறுத்தப் பேச்சு முறிந்ததைப் பற்றி, அதே கரகரத்த குரலில். அவர் இறந்த பிறகு வந்த செய்தி அது.

கேட்டவர்களுக்கு அவரைத் தெரியும். திண்டிவனத்தில் ஒரு சிறு இணையச் சேனலில் எட்டு வருடம் உலகச் செய்தி அலசினார். பதிவும் தொகுப்பும் என் வேலை. எங்கோ கடலில் கப்பலை மறித்தால் நம்மூர்க் கடையில் யூரியா ஏன் இல்லை என்று அவர் சொன்னால் கழனியில் நிற்பவருக்கும் புரியும்.

எப்போதும் ஒரே தொடக்கம்தான். "மொதல்ல நேத்து நான் சொன்ன தப்பு. அப்புறம் உலகத்தோட தப்பு." ஒருமுறை சமையல் எண்ணெய் இறக்குமதி வரியைக் குறைத்ததை, ஏற்றிவிட்டார்கள் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். அதை நம்பி, கடலை விலை ஏறும் என்று மயிலம் பக்கம் ஒரு விவசாயி மல்லாட்டையை விற்காமல் வைத்திருந்து நஷ்டப்பட்டார். தரணேந்திரன் பஸ் ஏறிப் போய் அவர் களத்தில் நின்றார். "என் பேச்ச கேட்டு கெட்டீங்க. மன்னிச்சிடுங்க." அந்த வாரம் முழுக்க அந்தத் தவற்றைத்தான் முதலில் சொன்னார்.

சேனல் முதலாளிக்கு இது ஆகாது. "டெய்லி தப்பு தப்புன்னா எவன் சார் பாப்பான்?"

"தப்பே பண்ணாத மாதிரி பேசறவன்தான் டேஞ்சரு" என்பார் தரணேந்திரன்.

இப்போது முதலாளிக்குத் தோதான தரணேந்திரன் கிடைத்துவிட்டார். பழைய பதிவுகளைக் கொடுத்துக் கணினியைப் பழக்கி, அது எழுதுவதை அவர் குரலிலேயே ஓட்டுகிறார்கள். தவறு சொல்லும் தொடக்கம் அதில் இல்லை. உயிரோடு இருந்தவரை வாயை அடைக்க முடியாத மனிதரின் குரலைச் செத்த அன்றே திருடிக்கொண்டார்கள். அடக்கம் முடிந்த கையோடு போய்க் கத்தினேன். "வியூஸ் ஏறிக்கினே போவுது சார். அவருக்கும் பெருமைதானே?" என்று சிரித்தார் முதலாளி. பெருமையாம்! வெட்கம் கெட்டவர்கள்.

விமலா கேட்டது ஒன்றுதான். "பக்கத்து வூட்டு போன்ல அவரு கொரலு கேக்குது அண்ணே. வந்துட்டாருன்னு ரெண்டு வாட்டி வாசலுக்கு ஓடிட்டேன். நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்தவில்லை. இன்றும் அது பேசுகிறது. அவரை மதித்தவர்கள் யாரும் அதைக் கேட்காதீர்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, தன் தப்பைத் தானே சொல்லும் அந்த ஒரு பழக்கம்தான். அதனால் சொல்லிவிடுகிறேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "பத்திரமா வெக்கத்தான் சார்" என்று முதலாளி பதிவுகளைக் கேட்டார். தரணேந்திரனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எட்டு வருடக் குரலையும் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். விமலாவுக்கு இது தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.