கண்ணாடிக் குழாயில் ஒரு ட்ரிப்

என் வீட்டுக்காரர் வசந்தகுமார் திருச்சி–புதுக்கோட்டை பஸ்ஸில் பதினாறு வருஷம் கண்டக்டர். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டுக்குக் கிளம்பும். வீட்டிலும் அதே கதைதான். சோறு போதுமென்றால் விரலால் ஒரு தட்டு, இன்னும் வேண்டுமென்றால் இரண்டு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

பெருங்குடலில் புண் வந்து ரத்தமாகப் போக ஆரம்பித்த பிறகு, கீரனூர் வந்தாலே பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். கடைசியில் டெப்போவில் நாற்காலி கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார்.

மருந்தோடு ஆக்ஸிஜன் சிகிச்சையும் கொடுத்துப் பார்ப்போம், சிலருக்குக் கேட்கிறது, கேட்காவிட்டால் குடலை எடுக்க வேண்டிவரும் என்றார் திருச்சி டாக்டர். ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். அழுத்தம் ஏற்றி ஒன்றரை மணி நேரம் உள்ளே படுக்க வேண்டும். நினைத்தவுடன் வெளியே வர முடியாது, அழுத்தத்தை மெல்லத்தான் இறக்குவார்கள். கழிப்பறைக்குப் போகாமல் இருபது நிமிஷம் தாங்காத மனுஷனுக்கு நல்ல வைத்தியம்.

முதல் நாள், அங்கே வேலை பார்க்கும் ஹரிணி மூக்கைச் சுளித்தாள்.

"எண்ணெ தேச்சீங்களாண்ணே? உள்ள ஆக்ஸிஜன், எண்ணெ இருந்தா தீப்புடிச்சிரும்."

"தலையில சொட்டு எண்ணெ இல்லம்மா."

சட்டையைத் தூக்கச் சொன்னாள். தொப்புளில் விளக்கெண்ணெய் பளபளத்தது. சூடு தணியட்டும் என்று அவர் தூங்கும்போது தினமும் நான் வைப்பது. அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு நாளைக்கு வாங்க," என்று அனுப்பிவிட்டாள். வழியில் கீரனூரில் இறங்கி ஓடினார். திருக்கோகர்ணத்தில் வீடு சேர்ந்ததும் விளக்கெண்ணெய்ப் பாட்டிலைக் குப்பையில் போட்டேன். குடல் போனால் என்னால்தான் போனதாகும்.

மறுநாள் உள்ளே போனார். தாங்க முடியாவிட்டால் கண்ணாடியைத் தட்டச் சொல்லியிருந்தாள் ஹரிணி. கால் மணி நேரத்தில் அவர் முகம் வேர்த்தது. கண் கதவைத் தேடியது. குழாய்க்குள் இருப்பவரோடு பேசுகிற மைக்கை, ஹரிணியைக் கேட்காமலே நான் பிடுங்கினேன்.

"மாத்தூர் எறங்குறவங்க எறங்குங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகக் கூவிக்கொண்டு போனேன்.

"கீரனூர் வந்திருச்சுங்க. எறங்கணுமா?"

கண்ணாடியில் ஒரு தட்டு. ஹரிணியின் கை அழுத்தத்தை இறக்கும் திருகுக்குப் போனது.

இன்னொரு தட்டு.

"தொறக்காத தாயி," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நார்த்தாமலையெல்லாம் முன்னாடி வாங்க," என்றேன்.