ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத ஆள் தேடிப் போன கதை

விண்டோஸ் புரோகிராம்கள் அப்படியே ஓடுகிற ஓர் இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை நாமே சேர்ந்து எழுதலாம் என்று போன வாரம் இந்த வலைப்பதிவில் அழைத்திருந்தேன். இதுவரை சேர்ந்திருப்பது நான் மட்டும்தான்.

அதனால் இன்று பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, செங்கம் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அண்ணனிடம் நோட்டீஸ் ஒட்டக் கேட்டுப் போனேன்.

படித்துப் பார்த்தார். “விண்டோஸ நான் எல்லாருக்கும் ஃப்ரீயாதான் போட்டுக் குடுக்கறேன். இது எதுக்கும்மா?”

“அது திருட்டுக் காப்பிண்ணா.”

“நல்லாத்தான ஓடுது?”

சம்பளமில்லாத சேவை இது என்று விளக்கினேன். சேவை என்றதும் முகம் மலர்ந்தது.

“அப்ப பௌர்ணமிக்கு வாம்மா. கிரிவலம் வர்றவங்களுக்கு நம்ம பசங்க விடிய விடிய சாம்பார் சாதம் போடறாங்க. ஆளு ஜாஸ்தியாவே இருக்காங்க.”

“அதுல ரெண்டு பேர இங்க அனுப்புங்கண்ணா.”

“இதுல என்னம்மா புண்ணியம் இருக்கு?”

நோட்டீஸை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள். அவள் நடப்பதற்குள் இன்னும் ஓர் ஆளாவது கிடைக்காவிட்டால் இதை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

சி புரோகிராமிங் தெரிந்தவர்கள் வாருங்கள். புண்ணியத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. புரோகிராமில் பிழை திருத்தினால் அதிலேயே உங்கள் பெயரைக் கட்டாயம் போடுவேன்.