யூலிங் பிடித்த கை

பெங் யூலிங்கின் வாய்க்குப் பயந்து எங்கள் ஹான்யாங் சந்தையில் மீன்காரன்கூட எடை குறைக்க மாட்டான். புருஷன் போன பிறகு ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தாமரைக்கிழங்கு நறுக்கி, எலும்புச் சாறு காய்ச்சி, ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தவள். சாயங்காலம் குடியிருப்பு வாசலில் பாட்டு வைத்து ஆடும் எங்கள் பெண்கள் நடனக்குழுவில் முதல் வரிசையில் நிற்பாள். அவள் காலைப் பார்த்து ஆடுகிறவள் நான்.

அப்பேர்ப்பட்டவளின் வாயே ஒருநாள் அடைத்துப்போனது. வேலை முடிந்து ஓட்டுநர் இல்லாத பகிர்வு வண்டியில் வந்துகொண்டிருந்தாள். பாலம் ஏறியதும், பக்கத்தில் இருந்த, கண்ணாடி போட்ட ஒருத்தனின் கை அவன் மடியில் கிடந்த கோட்டுக்கு அடியில் நகர்ந்து அவள் தொடைக்கு வந்தது. ஓட்டுநர் இருந்தால் அண்ணே என்று ஒரு சத்தம் போதும். அங்கே திரைதான் இருந்தது. உதவிப் பொத்தானை அமுக்கினாள். வண்டி நடுப்பாலத்தில் நின்றது. என்ன சங்கடம் என்று திரையில் ஒரு பெண்குரல் கேட்டது. அவன் முந்திக்கொண்டான்.

"இந்தச் சித்திக்கு மயக்கம் போல. பயப்படாதீங்க சித்தி, நாங்கல்லாம் இருக்கோம்ல."

கூட இருந்தவர்கள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "நேரமாவுது, சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க," என்றார்கள்.

புகார் கொடுத்தாள். கேமராவில் முகங்கள்தான் தெரிகின்றன, தவறு எதுவும் காணோம் என்று பதில் வந்தது. இன்னொரு முறை காரணமில்லாமல் வண்டியை நிறுத்தினால் அவள் கணக்கை மூடிவிடுவார்களாம். வண்டி இல்லையென்றால் அவளுக்கு அந்த வேலையும் இல்லை.

"விடுடி, வேற நேரத்துல போ," என்றேன், எரிச்சலோடுதான்.

"நான் ஏன்டி மாத்தணும்? அவன் மாத்தட்டும். அவன் ஊரையே மாத்தணும்."

இறங்குகிறவரைக் குடும்பப்பெயர் சொல்லி வழியனுப்புவது எங்கள் ஊர் வண்டிகளின் வழக்கம். 'கோவ் அவர்களே, பிளம் தோட்டக் குடியிருப்பு வந்துவிட்டது' என்று அன்றைக்கு அது சொல்லியிருந்தது. அந்த மரியாதையே அவனைக் காட்டிக்கொடுத்தது.

யூலிங்கோடு நாங்கள் மூன்று பேர் தினமும் அதே நேரத்துக்கு, அதே இடத்திலிருந்து வண்டி சொன்னோம். நடனத்துக்கு வைக்கிற ஒலிபெருக்கி என் காலடியில். யூலிங் முகக்கவசமும் மகளின் தொப்பியும் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு இடம் காலி. சில நாள் வேறு யாராவது ஏறினார்கள். அவர்களுக்குக் கொறிக்கச் சூரியகாந்தி விதை கொடுத்து அனுப்பிவைத்தோம். கடைசியில் அவனே ஏறினான்.

பாலம் வந்தது. மறுபடியும் கோட்டு, மறுபடியும் கை. யூலிங் அதை மணிக்கட்டோடு பிடித்தாள். வருஷக்கணக்கில் வெட்டுக்கத்தி பிடித்த பிடி அது.

"விடுங்க சித்தி, தெரியாமப் பட்டுடுச்சு."

"பட்டது பட்டபடியே இருக்கட்டும் தம்பி. உன் வீட்டு வாசல் வரைக்கும்."

உதவிப் பொத்தானைத் தேடினான். அதற்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன், என்னை நகர்த்த லாரி வேண்டும். அவன் முகம் வெளுக்க வெளுக்க எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன்.

பிளம் தோட்ட வாசலிலும் ஒரு நடனக்குழு ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எந்த வாசலில்தான் ஆடவில்லை? கதவு திறந்ததும் யூலிங் அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு இறங்கி, எங்கள் மைக்கை வாங்கினாள்.

"பிளம் தோட்டத்து அக்காமார்களே! இந்தக் கோவ் உங்க ஆளுதானே? வண்டியில பக்கத்துல உட்கார்ற பொம்பளையோட தொடையில இவன் கை மேயுது. எனக்கு ரெண்டு தடவை. உங்க வீட்டுப் பொண்ணுங்களும் இதே வண்டியிலதான் வராங்க!"

பாட்டு நின்றது. முதல் வரிசையிலிருந்து, விசிறியை மடக்கியபடி ஒருத்தி வந்தாள்.

"அத்தை, இவங்க பொய் சொல்றாங்க," என்றான் அவன்.

மாமியார்! இவன் வீட்டோடு மாப்பிள்ளை என்பது எங்களுக்குத் தெரியாது. மானத்தை வாங்கிவிட்டோம் என்று எங்கள் மேல் பாயப்போகிறாள் என்று நினைத்து நான் ஒலிபெருக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. யூலிங்கின் பிடியில் இருந்ததைத்தான் பார்த்தாள்.

"இந்தக் கையா?"

"இதேதான்."

"இந்தக் கை விரலை வச்சாத்தான் எங்க வீட்டுக் கதவு இவனுக்குத் திறக்கும்," என்றாள். கைபேசியை எடுத்தாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ தேடித் தேடி அமுக்கினாள். "இவன் ரேகையை அழிச்சாச்சு. இனி நீங்க கையை விட்டுடலாம்."

யூலிங் விட்டாள். அவன் குடியிருப்புக்குள் ஓடினான். நாங்கள் யாரும் துரத்தவில்லை. பூட்டிய கதவின் முன்னால் போய் நிற்கட்டும் என்று, இரண்டு குழுவும் சேர்ந்து பாட்டை உரக்க வைத்தோம்.